கேமம்பெர்ட் சுடும் பீங்கான் கிண்ணம்: எல்லாம் சரி, அந்த மூடி?

இந்தக் கிண்ணத்தின் விலை பாதியாகிவிட்டது, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாததற்குக் காரணம் அதன் மூடிதான்.

கேமம்பெர்ட் என்ற மென்மையான பிரெஞ்சு சீஸின் 250 கிராம் வட்டு ஒன்றை முழுசாக வைத்துச் சுடுகிற கிண்ணம் இது. மூடி போட்டுச் சுடச் சொல்கிறது குறிப்புத் தாள். அப்படிச் சுட்டால் சீஸிலிருந்து கிளம்பும் ஆவி மூடியில் பட்டு நீராகி, சொட்டுச் சொட்டாக மேல்தோலிலேயே விழுகிறது. தோல் சொதசொதவென்றாகிறது, சுவைக்காக அதில் செருகும் பூண்டு வறுபடாமல் வேகிறது. உள்ளே என்ன நடக்கிறதென்றும் தெரியாது. ஆகவே மூடாமல் சுடுங்கள். மேஜைக்குக் கொண்டுபோகும்போது மூடிக்கொண்டால் போதும். அதற்கு ஒரு தட்டு போதாதா என்று கேட்டால், போதும்!

அடுத்தது அளவு. பிரான்ஸின் நார்மண்டிப் பகுதியில் செய்யும் கேமம்பெர்ட்டின் விட்டம் ஏறக்குறைய 11 சென்டிமீட்டர். கிண்ணத்தின் உட்புறம் அதைவிட அகலம். சூட்டில் தோல் தளர்ந்ததும் சீஸ் சரிந்து, இடைவெளியில் வழிந்து, சுவரில் கருகிப் பிடித்துக்கொள்கிறது. பேக்கிங் தாளைக் கசக்கி விரித்து அடியில் போட்டு, அதன்மேல் சீஸை வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. மீறிப் பிடித்ததைப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்துச் சுரண்டுங்கள். வெந்நீர் ஊற்றினால் நூல் நூலாக இழுத்து ஸ்பாஞ்சைப் பாழாக்கும்.

சீஸையும் கிண்ணத்தையும் ஒரு மணி நேரம் வெளியே வைத்திருங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கிண்ணம் நேராகச் சூடான ஓவனுக்குள் போனால் விரிசல் விடலாம். தோலில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, காகிதம்போல் சீவிய பூண்டு, கொஞ்சம் ரோஸ்மேரி இலை செருகுங்கள். தடித்த பூண்டு பச்சையாகவே நிற்கும். தேன் என்றால் கடைசியில்தான். 180 டிகிரியில், சீஸ் வரும் மரப்பெட்டியிலேயே சுட்டால் 15 நிமிடம் போதும், இந்தக் கிண்ணத்துக்கு 20 முதல் 25 வரை ஆகும். நடுவில் கரண்டியின் பின்புறத்தால் அழுத்தினால் தளதளவென்று ஆட வேண்டும். அதற்கு இரண்டு நிமிடம் முன்பே எடுத்துவிடுங்கள், ஏனென்றால் கிண்ணத்தின் சூடே மிச்சத்தை முடித்துவிடும். கூடுதலாக வெந்தால் புரதம் இறுகி, எண்ணெய் பிரிந்து, சீஸ் ரப்பராகிவிடும். பிறகு சரிசெய்ய வழியில்லை.

நடுப்பகுதி சுண்ணாம்புபோல் வெளுத்திருக்கும் இளசான சீஸ் எந்தக் கிண்ணத்திலும் உருகி ஓடாது. அழுத்தினால் அமுங்குகிற, காலாவதித் தேதி நெருங்கியதை வாங்குங்கள். அமோனியா நெடி அடித்தால் மட்டும் வேண்டாம், சூட்டில் அது இன்னும் கிளம்பும். சைவ விருந்தாளிகள் வருவதானால் மேலுறையில் எழுதியிருப்பதைப் பாருங்கள். அசல் நார்மண்டிச் சீஸைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் கொண்டுதான் உறைய வைப்பார்கள்.

நல்லதையும் சொல்ல வேண்டும். மரப்பெட்டியில் சுட்டது பத்து நிமிடத்தில் ஆடை கட்டிவிடும். இந்தக் கிண்ணத்திலோ, பேச்சு நீண்டு கடைசி பகெட் ரொட்டித் துண்டு வரும்போதும் சீஸ் இழுபடும். விருந்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனாலும் வாங்காதீர்கள். சீஸோடு வரும் மரப்பெட்டி பசையால் ஒட்டாமல் ஸ்டேப்ளர் பின் அடித்ததாக இருந்தால், மெழுகுத்தாளை உரித்து, சீஸைத் திரும்ப அதிலேயே வைத்து, சுற்றிலும் பருத்தி நூல் கட்டிச் சுடுங்கள். கழுவுகிற வேலையே இல்லை. அந்த மூடிக்குப் பாதி விலையும் அதிகம்.