குய்லான்-பாரே: குழந்தைக்கு இம்யூனோகுளோபுலினா, பிளாஸ்மா மாற்றமா?

குய்லான்-பாரே என்பது உடலின் எதிர்ப்பாற்றலே நரம்புகளைத் தாக்கும் நோய். கால்களில் தொடங்கி மேலேறும் இந்தத் தசைச் செயலிழப்புக்கு இரண்டு சிகிச்சைகளும் ஏறக்குறைய ஒரே பலன்தான். வேறுபாடு செய்முறையில்.

இம்யூனோகுளோபுலின் என்பது தானம் தந்தோர் ரத்தத்திலிருந்து எடுக்கும் எதிர்ப்புப் புரதம். இதற்குக் கையில் சாதாரண டிரிப் ஊசி போதும். மொத்தம் கிலோவுக்கு 2 கிராம்; 20 கிலோ குழந்தைக்கு நாளுக்கு 8 கிராமாக 5 நாள். வேகமாக ஏற்றினால் தலைவலி, குளிர்காய்ச்சல் வரும். வேகத்தைக் குறைத்தாலே பெரும்பாலும் அடங்கும். தட்டம்மைத் தடுப்பூசியை 11 மாதம் தள்ளிப்போட வேண்டும். (வீடு திரும்பியதும் எளிதில் மறந்துபோவது இதுதான்.)

பிளாஸ்மா மாற்றம் என்பது ரத்தத்தின் நீர்ப்பகுதியை எடுத்துவிட்டு மாற்றுத் திரவம் ஏற்றுவது. இதற்குப் பெரிய சிரையில் தடித்த குழாய், இயந்திரம், பழகிய குழு எல்லாம் வேண்டும். 4 முதல் 6 முறை. ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட் கால்சியத்தைக் குறைப்பதால் உதடு மரத்துப்போகும். சிறு உடலில் ரத்த அழுத்தமும் சட்டெனச் சரியும். சின்னக் குழந்தைக்கு முதல் தேர்வு இம்யூனோகுளோபுலின்தான்.

அதை ஏற்றிய கையோடு பிளாஸ்மாவை மாற்றினால், கொடுத்த மருந்தே வெளியேறிவிடும். ஸ்டீராய்டு மாத்திரை இதற்கு உதவாது.