ஜிம் வாசல் ஃப்ளெக்ஸில் இருக்கும் வயிறு என்னுடையது. அதை நம்பிப் பணம் கட்டாதீர்கள்

கோவையில் ஒரு ஜிம் வாசலில் ஃப்ளெக்ஸ் தொங்குகிறது. இடப்பக்கம் தொப்பை, வலப்பக்கம் ஒட்டிய வயிறு, நடுவில் சிவப்பு எழுத்தில் "40 நாளில்!". முகத்தை மறைத்துவிட்டார்கள். ஆனால் தொப்புளுக்கு வலப்பக்கம் கீழே அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் தழும்பு தெரிகிறதே, அது என் வயிறு. போன வாரம் என் சித்தி பையன் அதைப் பார்த்துவிட்டு, "அங்க சேரலாம்னு இருக்கேண்ணா" என்றான். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த இரண்டு போட்டோவும் எப்படி எடுத்தார்கள் என்று கேளுங்கள். முதல் நாள் நான் மதியச் சாப்பாடு முடித்துப் போயிருந்தேன். ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்க வைத்து, "வயித்த லூஸா விட்டு நில்லுங்ணா" என்றார் மாஸ்டர். டியூப்லைட்டுக்கு நேராக நிறுத்தினார். டேப் தொப்புள் மேல் வைத்தார், 39 அங்குலம். நாற்பதாவது நாள் விடியற்காலை, வெறும் வயிறு. அதற்கு முந்தைய இரண்டு நாள் உப்பே கிடையாது, தண்ணீரும் குறைவு. மேலிருந்து ஒரே ஒரு லைட். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார். டேப் இந்த முறை தொப்புளுக்கு நாலு விரல் மேலே, விலா எலும்பு முடிகிற இடத்தில். 35 அங்குலம் என்று நோட்டில் எழுதினார். அப்போது எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது.

நான் கட்டியது "90 நாளில் சிக்ஸ் பேக்" திட்டத்துக்கு, 18,000 ரூபாய். தினமும் 300 கிரஞ்சஸ் (படுத்தபடி தோளைத் தூக்கும் வயிற்றுப் பயிற்சி), இடுப்பில் ஸ்வெட் பெல்ட். பெல்ட் கட்டினால் வேர்க்கும், வேர்த்தால் குறைவது தண்ணீர்தான். இரண்டு சொம்பு குடித்தால் திரும்பி வந்துவிடும். வயிற்றுக்கு மட்டும் எத்தனை பயிற்சி செய்தாலும் உள்ளே தசை பலமாகும், அதன் மேல் படிந்த கொழுப்பு அப்படியே இருக்கும். உடம்பு கொழுப்பை எடுப்பது மொத்தமாகத்தான். பெரும்பாலான ஆண்களுக்குத் தொப்பைதான் கடைசியில் கரையும். அந்தக் கட்டுகள் வெளியே தெளிவாகத் தெரிய, உடல் கொழுப்பு சுமார் 10, 12 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். ஒரு கிலோ கொழுப்பு என்றால் ஏறத்தாழ 7,700 கலோரி. தினம் 500 கலோரி குறைத்தால் மாதம் இரண்டு கிலோ. என்னைப் போல 84 கிலோவில் நிற்கிற ஆளுக்கு 90 நாள் எந்த மூலைக்கு?

இதெல்லாம் பணத்தோடு போகும். எனக்கு ஆறாத கோபம் அந்த கேப்சூல் மேல். "மூலிகை ஃபேட் பர்னர்" என்று மாதம் 3,500 ரூபாய்க்குத் தனியாக விற்றார்கள். வெள்ளை டப்பா, பெயர் மட்டும் ஸ்டிக்கர். பசியே எடுக்காது, வாய் வறண்டு போகும். நாற்பத்தைந்தாவது நாள் ராத்திரி நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தேன். என் மனைவி கையைப் பிடித்துப் பார்த்துப் பயந்துபோய் ஆட்டோ பிடித்தாள். பிரஷர் 160க்கு 100. டியூட்டி டாக்டர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உள்ள என்ன இருக்குன்னு எழுதவே இல்லைங்களே. இத எப்படி நம்பி முழுங்குனீங்க?"

என் டப்பாவுக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் சிபுட்ராமின் என்று ஒரு மருந்து, எடை குறைக்கக் கொடுத்துவந்தது. மாரடைப்பு, பக்கவாத ஆபத்து என்று 2010இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நிறுத்தினார்கள், 2011இல் இந்தியாவிலும் தடை. அதற்குப் பிறகும் "மூலிகை" என்று விற்கிற கேப்சூல்களுக்குள் பல நாடுகளில் அது பிடிபட்டிருக்கிறது. ஆகவே டப்பாவில் உட்பொருள், பேட்ச் எண், மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க உரிம எண், இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் வாயில் போடாதீர்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தால் டப்பாவோடு டாக்டரிடம் போங்கள். பிரஷர், இதயப் பிரச்சினை உள்ளவர்கள் இன்றே.

கேப்சூலை நிறுத்திச் சாதாரணமாகச் சாப்பிட ஆரம்பித்ததும் பத்தே நாளில் மூன்று கிலோ திரும்பி வந்தது. பணத்தைக் கேட்டதற்கு ரசீதைக் காட்டினார்கள்: "கட்டிய பணம் திருப்பித் தரப்படாது." அப்படி அச்சடித்துவிட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். குறையுள்ள சேவைக்குப் பணத்தைத் திருப்பித் தராமல் இருப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகார் பதிந்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் கட்டிய பணம் 5 லட்சம் ரூபாய் வரைக்கும் என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். ரசீது, வாட்ஸ்அப் மெசேஜ், மீதி கேப்சூலோடு அந்த டப்பா எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன். நீங்களும் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

ஃப்ளெக்ஸை இறக்கச் சொல்லி இரண்டு முறை நேரில் போனேன். "இறக்கிடறோங்ணா" என்றார்கள். இன்று காலையிலும் தொங்குகிறது. தழும்பைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்ளுங்கள். அந்த இடுப்பை இன்று வீட்டில் தொப்புள் மேல் டேப் வைத்து அளந்தேன், 38 அங்குலம்.