மருந்தா, உணவா: 3004-க்கும் 2106-க்கும் நடுவே ஒரு வைட்டமின் டப்பா

வைட்டமின் டப்பாவை இறக்குமதியாளர் ‘மருந்து’ என்கிறார், சுங்கத் தலைப்பு (வரிக்காகச் சரக்கை வகைப்படுத்தும் எண்) 3004. அதிகாரி ‘உணவுத் தயாரிப்பு’ என்கிறார், 2106. ஐரோப்பிய ஒன்றியத்தில் முன்னதற்குச் சுங்க வரியே இல்லை. பின்னதில் சர்க்கரை, மாவுச்சத்து, பால் கொழுப்பு கணிசமாக இல்லாத சரக்குக்கு 12.8%. அப்புறம் சண்டை வராமல் இருக்குமா?

3004 வேண்டுமென்றால் லேபிள் கறாராக இருக்க வேண்டும். எந்த நோய்க்கு, எவ்வளவு மருந்துப் பொருள், எத்தனை வேளை, எப்படி உட்கொள்வது, எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். வைட்டமினுக்கு இன்னொரு நிபந்தனை: ஒரு நாள் அளவு, வழக்கமாகப் பரிந்துரைக்கப்படுவதைவிடக் கணிசமாக அதிகம் இருக்க வேண்டும். ‘உடல்நலம் பேண’ என்று மட்டும் போட்டிருந்தால், போச்சு, 2106 தான். மாத்திரை வடிவமோ மருந்துக்கடை விற்பனையோ மட்டும் காப்பாற்றாது.

அமெரிக்காவில் ஹால்ஸ் வைட்டமின் சி மிட்டாய்க்கு நேர்ந்தது இன்னும் வேடிக்கை. மருந்து என்று வாதாடியும், 2005-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைச் சர்க்கரை மிட்டாய் வகையில்தான் வைத்தது.

2106-இல் வரி கூடுதல், ஆனால் லேபிளைப் பார்த்து யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். டோஸ் உண்மையிலேயே அதிகம் என்றால் 3004-ஐ விடாதீர்கள். சாதாரண டோஸ் என்றால் வழக்குச் செலவைவிட வரியே மலிவு. சந்தேகமா? சரக்கு கிளம்பும் முன்பே ஐரோப்பிய ஒன்றியச் சுங்கத்திடம் கட்டுப்படுத்தும் வகைப்பாட்டு முடிவு (சரக்கு எந்தத் தலைப்பில் வரும் என்று இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் எழுத்துப்பூர்வ முடிவு) கேளுங்கள், அது 3 ஆண்டுகள் செல்லும்.