ஒரு யார்டு, 26 வினாடி: கரோல் எடுத்த முடிவும் பெலிச்சிக் எடுக்காத டைம்அவுட்டும்

அமெரிக்கக் கால்பந்து பார்க்கும் யாரிடமும் சியாட்டில் அணியின் அப்போதைய பயிற்சியாளர் பீட் கரோல் பெயரைச் சொல்லிப் பாருங்கள். "பந்தை லிஞ்ச்சிடம் கொடுத்திருக்கலாமே" என்பதுதான் முதல் பதிலாக வரும். 2015 பிப்ரவரி 1, அரிசோனாவின் கிளெண்டேலில் நடந்த 49ஆவது சூப்பர் பௌல், அதாவது அமெரிக்கக் கால்பந்து லீக்கின் இறுதி ஆட்டம். நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் 28, சியாட்டில் சீஹாக்ஸ் 24. சியாட்டில் டச்டவுன் போட, அதாவது பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் சேர்க்க, ஒரு யார்டுதான் பாக்கி, 26 வினாடி மிச்சம். சியாட்டில் பந்தோடு முட்டி நுழையப் பார்க்காமல் பாஸ் எறிந்தது. பேட்ரியட்ஸின் புதுமுகம் மால்கம் பட்லர் குறுக்கே பாய்ந்து பந்தைப் பிடித்தார். கோப்பை நியூ இங்கிலாந்துக்குப் போனது.

அன்று மாலை இரண்டு பயிற்சியாளர்களும் கடிகாரத்தோடு சூதாடினார்கள். திட்டு முழுவதும் ஒருவருக்கே போய்ச் சேர்ந்தது.

இந்த ஆட்டத்தை அதிகம் பார்க்காதவர்களுக்காகச் சில விதிகள். பத்து யார்டு முன்னேற, அல்லது கோட்டைத் தாண்ட, நான்கு முயற்சிகள் உண்டு. பந்தோடு ஓடுபவர் களத்துக்குள்ளேயே விழுந்தால் கடிகாரம் நிற்காது. பாஸ் பிடிபடாமல் தரையில் விழுந்தாலோ, கடைசி நிமிடங்களில் ஆட்டக்காரர் எல்லைக்கு வெளியே போனாலோ நின்றுவிடும். கடிகாரத்தை நிறுத்த ஒவ்வொரு பாதிக்கும் அணிக்கு மூன்று டைம்அவுட். அன்று நான்கு புள்ளி பின்தங்கியிருந்ததால் பந்தை உதைத்து மூன்று புள்ளி எடுக்கும் ஃபீல்டு கோல் சியாட்டிலுக்கு உதவாது. டச்டவுன்தான் வேண்டும்.

ஊரே சொல்லும் வழியை முதலில் பார்ப்போம்: ஓட்டக்காரர் மார்ஷான் லிஞ்ச்சிடம் பந்தைக் கொடுத்து, மிச்சமிருந்த மூன்று முறையும் முட்டுவது. அன்று அவர் 24 ஓட்டங்களில் 102 யார்டு எடுத்திருந்தார். முந்தைய ஓட்டத்தில்கூட நான்கு யார்டு இழுத்துக்கொண்டு போய்த்தான் அந்த ஒற்றை யார்டுக் கோட்டருகே விழுந்தார். ஆனால் அந்தப் பருவத்தில் அதே ஒரு யார்டிலிருந்து ஐந்து முறை முயன்றவர், ஒரே ஒரு முறைதான் டச்டவுன் போட்டார். இன்னும் பெரிய சிக்கல் கணக்கில் இருக்கிறது. கையில் ஒரே டைம்அவுட். இரண்டாவது முயற்சியில் ஓடித் தோற்றால் சுமார் 21 வினாடி மிஞ்சும், டைம்அவுட் தீர்ந்துவிடும். மூன்றாவதிலும் ஓடித் தோற்றால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கிடக்கும் குவியலிலிருந்து எழுந்து, வரிசை பிடித்து, நான்காவது முறை ஆட வேண்டும். முடியாதென்றில்லை, உத்தரவாதம் இல்லை.

பாஸில் இந்தத் தொல்லை இல்லை. பிடித்தால் டச்டவுன், விழுந்தால் கடிகாரம் தானே நிற்கும், டைம்அவுட் பத்திரமாக இருக்கும், பிறகு இரண்டு முறை நிம்மதியாக ஓடலாம். எதிரில் பேட்ரியட்ஸ் நிறுத்தியிருந்ததும் ஓட்டத்தைத் தடுக்கும் கனமான வரிசை. அந்தப் பருவத்தில் லீக் முழுவதிலும் ஒரு யார்டு கோட்டிலிருந்து எறிந்த எந்தப் பாஸும் அதுவரை எதிரணி கைக்குப் போனதில்லை. பட்லர் பிடித்ததுதான் முதல்.

ஆக, "பாஸா, ஓட்டமா" என்ற கேள்வியில் நான் கரோல் பக்கம். எந்தப் பாஸ் என்ற கேள்வியில் இல்லை. கூட்டம் நிறைந்த நடுப்பகுதியை நோக்கி எறியும் பாஸ் அது. சியாட்டிலின் ஜெர்மைன் கர்ஸ் முன்னால் நின்று வழிமறித்துக் கொடுக்க வேண்டும், ரிக்கார்டோ லாக்கெட் அவர் பின்னாலிருந்து உள்ளே வெட்டி வர வேண்டும். பேட்ரியட்ஸின் பிராண்டன் பிரவுனர் கர்ஸை நின்ற இடத்திலேயே பிடித்து நிறுத்திவிட்டார், பட்லருக்குப் பாதை திறந்தது. பாஸ் எறிந்த ரஸ்ஸல் வில்சன் கால் வேகம் உள்ள குவாட்டர்பேக், அதாவது தாக்குதலை நடத்திப் பந்தை எறிபவர். அவரைப் பக்கவாட்டில் ஓடவிட்டு, ஆள் கிடைத்தால் எறி, வழி கிடைத்தால் நீயே ஓடு, இரண்டும் இல்லையென்றால் எல்லைக்கு வெளியே பார்வையாளர் பக்கம் வீசி எறிந்துவிடு என்று சொல்லியிருக்கலாம். கடிகாரக் கணக்கு அதே, ஆபத்து பல மடங்கு குறைவு.

உண்மையான தவறு இதற்கும் முன்னால் நடந்தது. கீழே விழுந்தபடி, பந்து காலிலும் கையிலும் பட்டுத் துள்ள, கர்ஸ் பிடித்த அந்த 33 யார்டு கேட்சை எல்லாரும் நினைவு வைத்திருக்கிறார்கள். பட்லர்தான் அவரை எல்லைக்கு வெளியே தள்ளினார், ஆட்டம் முடிய 1 நிமிடம் 6 வினாடி இருக்கும்போது கடிகாரம் நின்றிருந்தது. அந்த நேரத்தில் சியாட்டில் தன் இரண்டாவது டைம்அவுட்டை எடுத்தது! அது ஒரு வினாடியைக்கூட மிச்சப்படுத்தவில்லை, யோசிக்க அவகாசம் மட்டுமே வாங்கித் தந்தது. நடு ஓவர்களில் ரிவ்யூவை ஊதித் தள்ளிவிட்டுக் கடைசி ஓவரில் நடுவரைப் பார்த்து நிற்கும் கேப்டனின் நிலைதான். அந்த டைம்அவுட் கையில் இருந்திருந்தால் மூன்று ஓட்டங்களும் தாராளமாக அடங்கியிருக்கும், பாஸே தேவைப்பட்டிருக்காது.

இதே கரோல் முதல் பாதி முடிய ஆறு வினாடி இருக்கும்போது, 11ஆவது யார்டிலிருந்து ஃபீல்டு கோலுக்குப் போகாமல் டச்டவுன் பாஸுக்குப் போனவர். கிறிஸ் மேத்யூஸ் பிடித்தார், 14-14. பிடிக்கத் தவறியிருந்தால் அதற்கும் வசவு விழுந்திருக்கும்.

எதிர்ப்பக்கம் பேட்ரியட்ஸின் பயிற்சியாளராக இருந்தவர் பில் பெலிச்சிக். லிஞ்ச் ஒரு யார்டில் விழுந்தபோது ஏறக்குறைய ஒரு நிமிடம் இருந்தது, அவர் கையில் இரண்டு டைம்அவுட். உடனே ஒன்றை எடுத்திருந்தால், சியாட்டில் டச்டவுன் போட்டாலும் அவரது குவாட்டர்பேக் டாம் பிரேடிக்கு ஐம்பது வினாடி போலக் கிடைத்திருக்கும். மூன்று புள்ளி பின்தங்கிய அணியை ஃபீல்டு கோல் தூரத்துக்குக் கொண்டுபோக பிரேடிக்கு அது போதும். அவர் எடுக்கவில்லை. முப்பது வினாடிக்கு மேல் அப்படியே கரைந்தது.

இன்னொரு வழியும் இருந்தது. 2012 பிப்ரவரியில் நியூயார்க் ஜயண்ட்ஸுக்கு எதிராக அவரே செய்ததுதான்: வேண்டுமென்றே டச்டவுன் போட விட்டு நேரத்தை வாங்கிக்கொள்வது. அன்று ஓட்டக்காரர் அகமத் பிராட்ஷா கோட்டின் முன்னால் நிற்கப் பார்த்து, வேகம் தாங்காமல் பின்பக்கமாக உட்கார்ந்தபடி உள்ளே விழுந்தார். 57 வினாடி மிச்சம். கணக்குப்படி சரியான முடிவு, ஆனால் ஆட்டம் 21-17 என்று கைவிட்டுப் போனது.

2015இல் அவர் மௌனமாக நின்றதைப் பிறகு மேதைமை என்றார்கள். அவர் டைம்அவுட் எடுக்காததால் சியாட்டில் ஆட்களை மாற்றி யோசிக்க நேரமின்றி அவசரப்பட்டது என்பது வாதம். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் சியாட்டிலும் நேரம் கரையட்டும் என்றுதானே காத்திருந்தது? பிரேடிக்கு நேரம் விடக் கூடாது என்பது கரோலின் ஆசையும்கூட. பெலிச்சிக் இலவசமாக அதை நிறைவேற்றிக் கொடுத்தார். லாக்கெட் பிடித்திருந்தால், இரண்டு டைம்அவுட்டைப் பையில் வைத்துக்கொண்டு இருபது வினாடியோடு நின்றிருப்பார். இரண்டில் பெரிய சூதாட்டம் எது என்று கேட்டால், பெலிச்சிக் ஆடியதுதான் என்பேன்.