காசிப் படித்துறையில் குழந்தைகளின் முகம்: ஜூமா, 85-ஆ, 35-ஆ?

காசியில் கங்கை வடக்கு நோக்கித் திரும்பி ஓடுகிறது. 84 படித்துறைகளும் மேற்குக் கரையில், கிழக்கைப் பார்த்தபடி இருக்கின்றன. எதிர்க்கரையில் மணல்வெளிதான். அதனால் சூரியன் எழுந்ததும் வெளிச்சம் ஆற்றைக் கடந்து நேரே படிகளில் விழுகிறது. குதித்துக் குளிக்கும் பையன்கள், தொன்னையில் பூவும் விளக்கும் வைத்து விற்கும் சிறுமிகள், பட்டத்தின் நூலைப் பிடித்தபடி வானத்தையே பார்க்கும் பொடியன்கள் என்று குழந்தைகளுக்கும் அங்கே குறைவில்லை. முகங்களைப் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் காசிக்குத் திரும்பத் திரும்பப் போவதற்கு இதுவே போதும்.

இரண்டு பயணங்களில் நான்கு விதமான கருவிகளை அங்கே வைத்துப் பார்த்தேன்: 70–200 மி.மீ. ஜூம், 85 மி.மீ., 50-ம் 35-ம், பிறகு கைப்பேசி. (மி.மீ. என்பது லென்ஸின் குவியத் தூரம். எண் கூடினால் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும், குறைந்தால் காட்சி அகலமாக வரும்.) எது கூர்மையாக எடுக்கிறது என்ற கேள்வியை நான் முதல் நாளிலேயே விட்டுவிட்டேன். இன்றைய லென்ஸ்களில் எல்லாமே போதுமான கூர்மையோடு எடுக்கின்றன. குழந்தையிடமிருந்து எவ்வளவு தள்ளி நிற்கப் போகிறோம் என்பதைத்தான் லென்ஸ் தீர்மானிக்கிறது. முகத்தில் வரும் உணர்ச்சி அந்தத் தூரத்தைப் பொறுத்தது. (கீழே சொல்லும் கணக்குகள் பழைய ஃபிலிம் அளவுக்குச் சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமராவுக்கானவை. அதைவிடச் சிறிய சென்சார் உள்ள ஏபிஎஸ்-சி கேமரா என்றால் 35 மி.மீ. ஏறக்குறைய 50 போல நடந்துகொள்ளும்.)

ஜூமிலிருந்து தொடங்குகிறேன். 200 மி.மீ.யில் ஆறு மீட்டர் தள்ளி நின்றால், கேமராவைச் செங்குத்தாகப் பிடிக்கும்போது ஒரு மீட்டர் உயரம் சட்டத்துக்குள் வரும். குழந்தை இடுப்புவரை கிடைக்கும். நாம் இருப்பதே அதற்குத் தெரியாது. பட்டம் விடும் பையன் ஒருவனை இப்படி எடுத்தேன். நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு, ஒரு கண்ணைச் சுருக்கி, உலகத்தில் அந்த நூலைத் தவிர வேறொன்றும் இல்லாதவனைப் போல நின்றிருந்தான். பக்கத்தில் போயிருந்தால் அந்த முகம் கலைந்திருக்கும். விளையாட்டில் மூழ்கிய குழந்தையை எடுக்க ஜூமுக்கு நிகரில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் அந்தப் படங்களை வரிசையாகப் பார்த்தபோது ஒன்று உறுத்தியது. எதிலும் குழந்தை என்னைப் பார்க்கவில்லை. பார்த்த ஒன்றிரண்டு படங்களில் இருந்ததோ சந்தேகம். ஒருநாள் மேல்படியிலிருந்து ஒரு சிறுமியைக் குறிவைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் துணி பிழிந்துகொண்டிருந்த அவள் அம்மா நிமிர்ந்து பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. மகளின் தோளைப் பிடித்து இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டார். அன்று நான் செய்தது தவறு. ஒன்றேகால் கிலோ லென்ஸை நீட்டிக்கொண்டு ஒருவர் வீட்டுக் குழந்தையைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தால், எந்தத் தாய்க்கும் அப்படித்தான் தோன்றும்.

அடுத்து 85. உருவப்படத்துக்கு இதுதான் என்று எல்லாரும் சொல்வார்கள். பெரியவர்களை உட்கார வைத்து எடுப்பதற்கு நானும் அதையே சொல்வேன். தலையும் தோளும் வர ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அந்தத் தூரத்தில், லென்ஸின் துளை நன்றாகத் திறந்திருக்கும் எஃப் 1.8-இல், ஃபோகஸ் ஆழம், அதாவது கூர்மையாக வரும் பகுதி, ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர். ஒரு கண் கூர்மையாக இருக்கும்போது தலையைச் சற்றே திருப்பினால் மறு கண் மங்கிவிடும். எட்டு வயதுக் குழந்தை ஒரு நொடியில் நான்கு முறை தலையைத் திருப்பும். கண்ணைத் தேடிப் பிடிக்கும் புதிய மிரர்லெஸ் கேமராக்கள் இந்தச் சிக்கலைப் பெருமளவு தீர்த்துவிட்டன. ஆனால் அந்த ஒன்றரை மீட்டர் இடைவெளியை எந்தக் கேமராவும் தீர்க்காது. காசியில் ஒரு குழந்தையைப் படம் எடுத்தால் ஐந்து குழந்தைகள் வரும். ஐந்தும் அந்த இடைவெளிக்குள்தான் குதிக்கும். 85-ஐ வைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தால், சந்தாக இருந்தால் முதுகில் சுவரோ மாடோ இடிக்கும்.

நெடுந்தூர லென்ஸ்களுக்கு ஆதரவாக அமெரிக்கப் புகைப்படக்காரர் ஸ்டீவ் மெக்கரி எடுத்த ஆப்கன் சிறுமியின் படத்தைச் சுட்டுவது வழக்கம். 1984-இல் பாகிஸ்தானின் பெஷாவர் அருகே நாசிர் பாக் அகதி முகாமில், நிக்கான் எஃப்எம்2 கேமராவில் 105 மி.மீ. லென்ஸை வைத்து எடுத்தது. 1985 ஜூன் மாத நேஷனல் ஜியாக்ரஃபிக் அட்டையில் வந்தது. அந்தப் பார்வையை மறக்க முடியாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தச் சிறுமியின் பெயர் ஷர்பத் குலா என்பது 2002-இல் அவரைத் தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. முன்பின் தெரியாத ஒருவர் படம் எடுத்ததால் அன்று கோபம் வந்ததாக அவர் நினைவுகூர்ந்தார். நாம் இத்தனை ஆண்டுகள் வியந்து பார்த்த கண்களில் அந்தக் கோபமும் இருந்திருக்கிறது. உலகப் புகழ் பெற்ற படமே ஆனாலும், பெயர் கேட்காமல் எடுக்கும் வழக்கத்துக்கு அது முன்னுதாரணமாக முடியாது.

இனி 50-ம் 35-ம். ஒரு மீட்டர் தூரத்தில் 50 மி.மீ. லென்ஸ் சுமார் 72 சென்டிமீட்டர் உயரத்தைக் காட்டும், அதாவது தலையிலிருந்து மார்புக்குக் கீழே வரை. அதே தூரத்தில் 35 மி.மீ. ஒரு மீட்டருக்குச் சற்று மேல் காட்டும். இரண்டு பக்கமும் படியும் ஆறும் சேர்ந்து வரும். ஒரு மீட்டர் என்பது பேச்சுத் தூரம். அங்கே ஒளிந்துகொள்ள முடியாது. உட்கார்ந்தாக வேண்டும், ஏதாவது பேசியாக வேண்டும்.

கேதார கட்டம் என்ற படித்துறையில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டிய படிகளில் ஒரு விடியற்காலை உட்கார்ந்திருந்தேன். விளக்கு விற்கும் சிறுமி ஒருத்தி வந்து, “அண்ணா, விளக்கு?” என்று தமிழிலேயே கேட்டாள். அந்தக் கட்டத்தில் குமரகுருபரர் நிறுவிய குமாரசாமி மடம் இருக்கிறது. பக்கத்து அனுமான் கட்டத்துச் சந்துகளில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. யாத்திரைக்காரர்களும் ஓயாமல் வருகிறார்கள். அந்தத் தமிழ் அவர்களிடமிருந்து வந்ததாக இருக்க வேண்டும். கேமராவைப் பார்த்ததும் இரண்டு விரலை விரித்துக் காட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். அதையும் எடுத்தேன். குழந்தை தானாகக் கொடுக்கும் முதல் போஸை மறுக்கக் கூடாது. மறுத்தால் தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும்.

பிறகு கேமராவை மடியில் இறக்கிவிட்டு விளக்கு வாங்கினேன். காற்றில் திரி பற்றவில்லை. இரண்டு தீக்குச்சி வீணானது. மூன்றாவது முறை குனிந்து, உள்ளங்கை இரண்டையும் குவித்து, உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டு மூச்சை அடக்கினாள். சுடர் நின்றது. நான் பார்த்தேனா என்று சட்டென்று நிமிர்ந்தாள். 35 மி.மீ., எஃப் 4 (துளை சற்றுச் சுருங்கிய நிலை), நொடியில் 250-இல் ஒரு பங்கு, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 800. முன்பல் விழுந்த இடைவெளி, மணிக்கட்டில் ஒட்டியிருந்த ஒரு சாமந்தி இதழ், தாடைக்குக் கீழே மஞ்சள் வெளிச்சம் எல்லாம் படத்தில் இருக்கின்றன. எஃப் 4-இல் 35 மி.மீ. லென்ஸுக்கு அந்தத் தூரத்தில் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் ஆழம் கிடைப்பதால் முகமும் கையும் சேர்ந்து வந்தன. அந்தப் பார்வை எனக்கென்று வந்தது. ஆறு மீட்டர் தள்ளி நின்றவனுக்கு அது வந்திருக்காது.

35-இல் ஒரு எச்சரிக்கை: ஒரு மீட்டரைவிட மிக நெருங்கினால் மூக்கு பெரிதாகி, காதுகள் பின்னுக்குப் போய்விடும். முகம் மட்டும் வேண்டும் என்றால் 50-க்கு மாறுவதே நல்லது. 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ்களில் பல 200 கிராம்கூட இருக்காது, விலையும் குறைவு. வெயில் ஏறிக் கண் கூச ஆரம்பித்ததும் படிகளை விட்டுச் சந்துகளுக்குள் போய்விடுங்கள். எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் முகத்தில் பால்போல் பரவும்.

கைப்பேசியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதன் முதன்மை லென்ஸ் பெரும்பாலும் 24–26 மி.மீ. அளவு என்பதால், இரண்டு மடங்குக்கு மாற்றிவிட்டு ஓரடி பின்னால் போவது அவசியம். பின்னணியை மங்கலாக்கக் கைப்பேசி சேர்க்கும் செயற்கை மங்கல், ஈரத் தலைமுடியின் ஓரத்தை இன்னும் தின்றுவிடுகிறது. ஆனால் எடுத்த கையோடு தாயின் வாட்ஸ்அப்புக்குப் படத்தை அனுப்பிவிடலாம். எந்தப் பெரிய கேமராவாலும் இவ்வளவு சுலபமாக அதைச் செய்ய முடியாது. அதற்காகவே எல்லாப் படத்தையும் எடுத்த பிறகு கைப்பேசியில் ஒன்று கட்டாயம் எடுக்கிறேன். கைப்பேசி இல்லாத குடும்பம் என்றால் உடனடிப் படம் தரும் இன்ஸ்டாக்ஸ் இருக்கிறது. சட்டைப்பையில் வைக்கும் அளவு அட்டையில் ஒன்றரை நிமிடத்தில் முகம் தெளிந்து வரும். ஒரு பெட்டியில் பத்துத் தாள்தான். கூட்டம் கூடுவதற்குள் யாருக்குத் தருவது என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

கேட்டுவிட்டு எடுப்பதா, எடுத்துவிட்டுக் கேட்பதா? ஜூமில் எடுத்தால் எடுத்த பிறகு இறங்கிப் போய்த் திரையைக் காட்டிக் கேளுங்கள். வேண்டாம் என்றால் அவர்கள் கண்ணெதிரிலேயே அழித்துவிடுங்கள். மற்றதில் எல்லாம் முதலில் பெரியவரிடம் ஒரு தலையசைப்பு, பிறகு குழந்தையிடம் பெயர். படத்துக்காகக் காசு கொடுப்பதை நான் நிறுத்திவிட்டேன். பள்ளி நேரத்தில் குழந்தையைப் படியில் நிறுத்திவைக்க அது காரணமாகிறது. விளக்கோ பூவோ வாங்குவது வேறு. காப்பகக் குழந்தைகளின் முகத்தை எங்கும் வெளியிடாதீர்கள். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளின் அடையாளத்தைக் காக்கவே 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தில் 74-ஆவது பிரிவு இருக்கிறது. பிணங்களை எரிக்கும் மணிகர்ணிகைப் படித்துறையில் கேமராவையே வெளியே எடுக்க வேண்டாம்.

அடுத்த முறை போகும்போது கழுத்தில் 35, பையில் 50, சட்டைப்பையில் கைப்பேசி. பட்டம் விடுகிறவர்களுக்காக ஜூமும் வரும், ஆனால் அறையிலேயே இருக்கும். பட்டங்கள் நிறையப் பறக்கிற மகர சங்கராந்தி அன்று மட்டும் வெளியே எடுப்பேன். 85-ஐ வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறேன்.