‘கொள்முதல்’ நாலு துண்டான கதை: லெக்சரை எந்த வழியில் எழுதுவது?

மன்னார்குடியில் மாமாவிடம் இரண்டு அறுவடை மெஷின்கள் இருக்கின்றன. ஒன்று பெல்ட், இன்னொன்று டயர். குறுவைக்கு ஒரு வாடகை, தாளடிக்கு ஒரு வாடகை என்று கணக்கு மாறிக்கொண்டே இருக்கும். மாறும்போதெல்லாம் எனக்கு போன் வரும்: "மாப்ள, அந்தக் கணக்கைக் கொஞ்சம் மாத்திக் குடுடா." இரண்டு பருவம் பொறுத்துப் பார்த்தேன். விதியை அவரே தமிழில் எழுதிக்கொள்ளட்டும், கூட்டிக் கழிப்பதை நிரல் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒரு குட்டி மொழி செய்ய உட்கார்ந்தேன். அதில் ஒரு வரி:

கொள்முதல் = 3மா * மகசூல்

டெல்டாவில் ‘மா’ என்றால் நில அளவு, 20 மா ஒரு வேலி. இந்த வரியை ஆறு டோக்கனாக, அதாவது பொருளுள்ள ஆறு துண்டாக வெட்ட வேண்டும்: ஒரு பெயர், சமக்குறி, 3, மா, பெருக்கல் குறி, இன்னொரு பெயர். லெக்சர் என்ற நிரல்பகுதியின் வேலை இவ்வளவுதான். நம் ஊர் மொழியில் சொன்னால் பதம் பிரிப்பது. தஞ்சாவூர் சரஸ்வதி மகாலில் இருக்கும் ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளியும் இருக்காது, சொல்லுக்குச் சொல் இடைவெளியும் இருக்காது. பிரிப்பது படிப்பவர் பாடு. பழைய நிரல்மொழியான ஃபோர்ட்ரானும் அந்த ஜாதிதான், இடைவெளியை அது சட்டையே செய்யாது. இன்றைய மொழிகள் அவ்வளவு கொடுமையில்லை.

மூன்று வழியிலும் எழுதிப் பார்த்தேன். முதலாவது ஃப்ளெக்ஸ். 1975-இல் பெல் லேப்ஸில் மைக் லெஸ்க்கும் எரிக் ஷ்மிட்டும் (பிற்பாடு கூகுளுக்குத் தலைமை வகித்த அதே ஷ்மிட்தான்) எழுதிய லெக்ஸ் கருவியின் வாரிசு இது. விதிகளை எழுதிக் கொடுத்தால் சி மொழியில் லெக்சரை அதுவே உருவாக்கிவிடும். இரண்டாவது, பைத்தான் மொழியில் ஒரு நீளமான ரீஜெக்ஸ், அதாவது எந்த மாதிரி எழுத்துத்தொடரைத் தேட வேண்டும் என்று சொல்லும் சூத்திரம். மூன்றாவது, கையால் எழுதியது: ஒரு லூப், எழுத்து எழுத்தாகப் பார்த்து நகர்வது.

எழுத்து என்றால் எது?

பாடப்புத்தகங்கள் இந்த ஒப்பீட்டை வேகத்தில் தொடங்கும். எனக்கு அடி விழுந்தது வேறு இடத்தில்.

ரீஜெக்ஸில் பெயரைப் பிடிக்க எல்லோரும் போடுவது பேக்ஸ்லாஷ் டபிள்யூ (\w), ‘சொல்லில் வரக்கூடிய எழுத்து’ என்று அர்த்தம். நானும் போட்டேன். ‘கொள்முதல்’ உள்ளே போய் வெளியே வந்தபோது நாலு துண்டு: க, ள, ம, தல. கொம்பு, கால், புள்ளி எல்லாம் காணாமல் போய், கடைசியில் ‘தல’ மட்டும் முழுசாக நின்றார். காரணம் இதுதான்: எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் பொதுப் பட்டியலான யூனிகோடில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் ‘எழுத்து’ வகையில் இல்லை, ‘ஒட்டுக்குறி’ வகையில் இருக்கின்றன. பைத்தானின் ரீஜெக்ஸ் ஒட்டுக்குறியைச் சொல்லின் பகுதியாக ஏற்காது. வேடிக்கை என்னவென்றால், அதே பைத்தானில் ‘அம்மா’ என்று மாறிக்கு (வேரியபிளுக்கு) பெயர் வைத்தால் தாராளமாக ஓடும். ஏனென்றால் பைத்தானின் சொந்த லெக்சர் கையால் எழுதியது, அது வேறு விதியைப் பார்க்கிறது.

கையால் எழுதினால் மட்டும் தப்பித்துவிட முடியாது. நான் முதலில் எழுதிய லூப், ‘இது எழுத்தா?’ என்று பைத்தானின் தயார்நிலைச் செயற்கூறைக் கேட்டது. அதே ‘தல’ மறுபடியும் வந்தார். பிறகு ‘எழுத்து அல்லது ஒட்டுக்குறி’ என்று கேள்வியை மாற்றினேன், ஒரே வரியில் சரியானது. கையால் எழுதுவதன் லாபம் அங்கேதான்: ‘எழுத்து’ என்பதற்கு இலக்கணம் சொல்லும் உரிமை நம்மிடம் இருக்கிறது.

ஃப்ளெக்ஸுக்குத் தமிழே தெரியாது, அதற்குத் தெரிந்ததெல்லாம் 8 பிட் பைட். ஆனால் அதுவே ஒரு விதத்தில் நல்லது. யூனிகோடைப் பைட்டாக எழுதும் முறையான யூடிஎஃப்-8-இல் தமிழ்த் தொகுதியின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்: முதலாவது 224, இரண்டாவது 174 அல்லது 175, மூன்றாவது 128 முதல் 191 வரை. இதை அப்படியே விதியாக எழுதினால் 128 இடங்களும் அடங்கிவிடும், ஒட்டுக்குறியா இல்லையா என்ற தகராறே இல்லை. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் இன்னும் துணிச்சல். அதன் லெக்சரும் ஃப்ளெக்ஸ்தான்; 127-க்கு மேற்பட்ட எந்தப் பைட்டையும் பெயரின் பகுதி என்று கண்ணை மூடிக்கொண்டு ஏற்கிறது. அதனால்தான் அதில் தமிழில் நெடுவரிசைப் பெயர் வைக்க முடிகிறது.

ஒரு சிக்கல் மூன்றுக்கும் பொது. ‘கொ’ என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: க-வோடு ஒரே குறியாக ஒகரம், அல்லது க-வோடு கொம்பும் காலும் தனித்தனியாக. மாமா போனில் அடித்த ‘கொள்முதல்’ 27 பைட். நான் பழைய தட்டச்சு மென்பொருளில் அடித்தது 30 பைட். கண்ணுக்கு ஒன்று, நிரலுக்கு இரண்டு மாறிகள். லெக்சருக்குள் விடுமுன் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். பைத்தானில் அதற்கு நூலகம் கையோடு இருக்கிறது. ஃப்ளெக்ஸோடு சி-யில் போனால் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும்.

நீளமானதா, முதலாவதா?

இங்கே ஃப்ளெக்ஸுக்கு முழு மதிப்பெண். ‘மா’ என்பது அளவுச் சொல். ‘மாட்டுவண்டி’ என்பது மாமா வைத்த மாறி. ஃப்ளெக்ஸ் எல்லா விதியையும் ஒப்பிட்டு மிக நீளமாகப் பொருந்துவதை எடுக்கும், நீளம் சமமென்றால்தான் மேலே உள்ள விதி. ஆகவே மாட்டுவண்டி முழுசாகவே வரும். பைத்தான் ரீஜெக்ஸில் ‘அல்லது’ போட்டு அடுக்கினால் முதலில் பொருந்தியதே முடிவு. ‘மா’ மேலே இருந்தால் வண்டி குடைசாய்ந்து ‘மா’ தனி, ‘ட்டுவண்டி’ தனி. வரிசையை மாற்றி, வால்பக்கம் ஒரு நிபந்தனை போட்டுச் சரிசெய்யலாம். ஆனால் ஒவ்வொரு புதுச் சொல்லுக்கும் அதை நினைவு வைத்திருக்க வேண்டும். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

கையால் எழுதும்போது பெயர் முழுவதையும் முதலில் விழுங்கிவிட்டு, பிறகு அது அட்டவணையில் உள்ள சொல்லா என்று பார்த்தால் போதும். பெரிய கம்பைலர்களிலும் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றுபவை) வழக்கமான முறை அதுதான்.

தப்பு நடந்தால் என்ன சொல்லும்?

தலைமதகில் விட்ட குப்பை கடைமடையில்தான் கண்ணில் படும். லெக்சர் பிழையும் அப்படி, டோக்கன்களைச் சேர்த்துப் பொருள் பார்க்கும் அடுத்த கட்டமான பார்சரில் சம்பந்தமில்லாத செய்தியாக வந்து நிற்கும்.

ஃப்ளெக்ஸ் எந்த விதிக்கும் பொருந்தாததை அப்படியே திரையில் எழுதிவிட்டு நகரும். ஒருமுறை பெயர் ஒன்று இரண்டாக உடைந்தது, திரையிலோ எதுவும் இல்லை. அரை மணி நேரம் தேடியபின் தெரிந்தது: எழுத்துகளுக்கு நடுவே, அகலமே இல்லாத இணைப்புத்தடைக் குறி ஒன்று உட்கார்ந்திருந்தது. ஃப்ளெக்ஸ் அதை ஒழுங்காகத் திரையில் எழுதித்தான் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாததை எழுதினால் எனக்கு எப்படித் தெரியும்? மிச்சத்தையெல்லாம் பிடிக்க கடைசியில் ஒரு புள்ளி விதி போட்டேன். அது ஒரு பைட்டைத்தான் பிடிக்கும் என்பதால், பிழைச் செய்தியில் எழுத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஒரு கேள்விக்குறிக் கட்டம் வந்தது.

மாமாவுக்கு ‘28-ஆவது பைட்’ என்றால் ஒன்றும் விளங்காது. அவர் கணக்கில் ‘கொள்முதல்’ ஐந்து எழுத்து. கையால் எழுதிய லெக்சரில் ஒட்டுக்குறிகளைத் தவிர்த்து எண்ணினேன், பள்ளிக்கூடத்து எழுத்துக் கணக்கு அப்படியே வந்துவிட்டது (க்ஷ-வும் ஸ்ரீ-யும் மட்டும் ஏமாற்றும்). ‘இரண்டாம் வரி, ஆறாம் எழுத்து புரியவில்லை’ என்று வந்ததும் மாமா தானே திருத்திக்கொண்டார். என்னைப் பொறுத்தவரை போட்டி அங்கேயே முடிந்தது.

கையால் எழுதியதிலும் ஓட்டை இருந்தது. மேற்கோள்குறியை மூட மறந்த வரி வந்ததும் லூப் கோப்பு முடிந்ததையே கவனிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. ஃப்ளெக்ஸில் இந்த வகைத் தவறு வருவது அரிது.

வேகம்

மாமாவின் கோப்பு 400 வரி. பேச ஒன்றுமில்லை. பெரிய கோப்பென்றால் ஃப்ளெக்ஸ், இல்லையென்றால் அதே வேலையைச் செய்யும் ரீ2சி. ரீ2சி, அட்டவணை வைக்காமல் நேரடி நிரலாகவே எழுதித் தரும், யூடிஎஃப்-8-உம் தெரியும். பிஎச்பி மொழியின் லெக்சர் அதில்தான் வருகிறது. கம்பைலர்களான ஜிசிசி, கிளாங், தரவுத்தளமான எஸ்கியூலைட் மூன்றின் லெக்சரும் கையால் எழுதியவையே, ஆகவே ‘கையால் எழுதினால் மெதுவாக இருக்கும்’ என்ற பேச்சு செல்லாது.

என் தேர்வு: தமிழில் மனிதர் தட்டச்சு செய்யும் எதற்கும் கையால். இயந்திரம் எழுதிய பதிவுக் கோப்புகளுக்கு ஃப்ளெக்ஸ். ரீஜெக்ஸ் ஒரு நாள் வேலைக்கு மட்டும், அதிலும் பேக்ஸ்லாஷ் டபிள்யூவை நம்பாமல்.

போன வாரம் மாமா புதிதாக ஒன்று எழுதியிருந்தார்: ‘அரைமா’. இடைவெளி இல்லாமல், சேர்த்து. லெக்சர் அதை ஒரே பெயராக விழுங்கிவிட்டு, அப்படி ஒரு மாறி இல்லை என்றது. "அரைமான்னா அரை மாதான்டா, இதுல என்ன குழப்பம் அதுக்கு?" என்றார். பழைய பின்னக் கணக்கில் அரைமா என்றால் நாற்பதில் ஒரு பங்கு. அதற்குத் தனிக் குறியே உண்டு. 2019-இல் யூனிகோடில் சேர்த்தார்கள், தமிழ்த் தொகுதிக்கு வெளியே, நான்கு பைட்டில். ஃப்ளெக்ஸில் நான் எழுதிய மூன்று பைட் விதி அதைத் தொடவே தொடாது. மாமா இன்னும் அந்தக் குறியை அடிக்கக் கற்றுக்கொள்ளவில்லை.