பிளஸ் டூ விடைத்தாள் நகல், மறுகூட்டல், மறுமதிப்பீடு: எதற்குப் பணம் கட்டலாம்?

பிளஸ் டூ முடிவு வந்த பிறகு அரசுத் தேர்வுகள் இயக்ககம் மூன்று சேவைகளைத் தருகிறது: விடைத்தாள் நகல், மறுகூட்டல், மறுமதிப்பீடு. மூன்றில் காசுக்குத் தகுந்தது நகல்தான். மறுகூட்டல் மலிவாகத் தெரியும், ஆனால் பலருக்கு அது தேவையே இல்லை. மறுமதிப்பீடு நகலைப் படித்துப் பார்த்த பிறகு எடுக்க வேண்டிய முடிவு.

பல ஆண்டுகளாக அறிவிப்புகளில் வந்திருக்கும் கட்டணம் இது. நகலுக்குப் பாடத்துக்கு 275 ரூபாய். மறுகூட்டலுக்கு உயிரியல் என்றால் 305, மற்றப் பாடங்களுக்கு 205. மறுமதிப்பீட்டுக்குப் பாடத்துக்கு 505. உயிரியலுக்கு மட்டும் ஏன் கூடுதல் என்றால், தாவரவியலும் விலங்கியலும் தனித்தனி விடைத்தாள். அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்துத் தொகையை உறுதிசெய்துகொண்டு போகவும். பள்ளி மாணவர்கள் படித்த பள்ளியிலும் தனித்தேர்வர்கள் தேர்வெழுதிய மையத்திலும் விண்ணப்பிக்க வேண்டும். அவகாசம் நான்கைந்து நாள்தான்.

முதல் சிக்கல் இந்த இடத்திலேயே வருகிறது. பல ஆண்டுகளாக இருந்த முறைப்படி, முதல் கட்டத்தில் ஒரு பாடத்துக்கு நகல் கேட்கலாம், அல்லது மறுகூட்டல் கேட்கலாம். இரண்டையும் சேர்த்துக் கேட்க முடியாது. நகல் வாங்கியவர்கள் அதைப் பார்த்த பிறகு மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கேட்கலாம். நகல் வாங்காதவர்களுக்கு மறுமதிப்பீடு கிடையாது. 70 ரூபாய் மிச்சம் என்று நேராக மறுகூட்டலுக்குப் போகிற அப்பா, தனக்குத் தெரியாமலே மறுமதிப்பீட்டு வாசலை அடைத்துவிடுகிறார்.

மறுகூட்டலில் கூட்டல் சரியா, ஏதாவது விடை திருத்தாமல் விடுபட்டிருக்கிறதா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். 'இந்த அஞ்சு மார்க் கேள்விக்கு மூணுதான் போட்டிருக்காங்க' என்ற குறைக்கு அங்கே பதில் இல்லை. திருத்தும் முகாமிலேயே மதிப்பெண்ணைச் சரிபார்க்கத் தனி ஆள் உண்டு. அதையும் தாண்டித் தப்பு நுழையும் என்பது உண்மைதான். ஆனால் அந்தத் தப்பை நகலை வைத்து வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

நகலை எப்படிப் படிப்பது? முதலில் மொத்த மதிப்பெண்ணைப் பிரிக்க வேண்டும். இயற்பியலில் 81 என்றால் அது நூற்றுக்கு எழுதிய தேர்வு இல்லை. எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. பின்னிரண்டும் முழுதாக வந்திருந்தால் எழுத்தில் வாங்கியது 51. அதாவது 70-இல் 19 போயிருக்கிறது. '90-க்குக் குறையாது' என்று எதிர்பார்த்த வீட்டில், எழுத்தில் 60 வரும் அளவுக்குத் தாள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. செய்முறை, அகமதிப்பீட்டு மதிப்பெண் இந்தச் சேவைக்குள் வராது. கணிதத்தில் கணக்கு வேறு: எழுத்து 90, அகமதிப்பீடு 10.

பிறகு கையெழுத்து பிள்ளையுடையதுதானா, பக்கங்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்க்கவும். ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் மதிப்பெண் விழுந்திருக்கிறதா என்று பென்சிலால் குறித்துக்கொண்டே போகவும். உள்ளே போட்ட எண்ணும் முன்பக்கத் தொகுப்பில் ஏறிய எண்ணும் ஒன்றுதானா என்று ஒப்பிடவும். கடைசியில் கூட்டவும். ஒரு பாடத்துக்கு அரை மணி நேரம் போதும். இதில் தவறு கிடைத்தால் மறுகூட்டலே போதும், 505 கட்டத் தேவையில்லை.

ஒரு மதிப்பெண் கேள்விகளில்தான் வீட்டில் சண்டை வரும். இயற்பியலில் அப்படி 15, கணிதத்தில் 20. வினாத்தாளிலேயே 'குறியீட்டுடன் விடையினையும் சேர்த்து எழுதவும்' என்று அச்சிட்டிருக்கும். விடை சரி, குறியீடு தப்பு என்றால் சுழியம். விடைக்குறிப்பின் விதி அது, மேல்முறையீட்டில் மாறாது. அடுத்தது கட்டாய வினா. இயற்பியலில் இரண்டு மதிப்பெண் பகுதியிலும் மூன்று மதிப்பெண் பகுதியிலும் ஒன்பதில் ஆறு எழுத வேண்டும், அதில் ஒன்று கட்டாயம். அதை விட்டுவிட்டு வேறு ஆறு எழுதினால் ஐந்துக்குத்தான் மதிப்பெண். பெற்றோர் கண்ணுக்கு ஆறும் சரியான விடையாகத் தெரிவதால், திருத்தியவர் மேல் பழி விழும்.

இதெல்லாம் கழிந்த பிறகும் இடித்துக்கொண்டே இருப்பது ஐந்து மதிப்பெண் விடைகள்தான். மறுமதிப்பீடு அதற்குத்தான். முடிவெடுக்கும் முன் பாட ஆசிரியரிடம் நகலைக் கொடுத்து, விடைக்குறிப்பை வைத்து மதிப்பெண் போடச் சொல்லவும். வழியில் இருக்கும் டியூஷன் மாஸ்டரை விட முகாமுக்குப் போய்த் திருத்தி வருகிற ஆசிரியர் நல்லது; படிக்குப் படி எவ்வளவு கிடைக்கும், அலகு விடுபட்டால் என்ன குறையும் என்பது அவருக்கு விரல் நுனியில் இருக்கும். அவர் மூன்று நான்கு மதிப்பெண் கூடும் என்றால் கட்டலாம். 'ஒன்று வரலாம், வராமலும் போகலாம்' என்றால் நிறுத்திக்கொள்வது நல்லது. மறுமதிப்பீட்டில் மதிப்பெண் குறைந்தால் எது செல்லும் என்ற நிபந்தனையைப் படித்துவிட்டே கையெழுத்துப் போடவும்.

எந்தப் பாடத்துக்குக் கட்டுவது என்பதை ஆதங்கம் முடிவு செய்யக் கூடாது, கட்ஆஃப் முடிவு செய்ய வேண்டும். பொறியியலுக்குக் கணிதம் முழுதாகவும் இயற்பியல், வேதியியல் பாதியாகவும் சேரும், மொத்தம் 200. கணிதம் 94, இயற்பியல் 87, வேதியியல் 91 என்றால் 94 + 43.5 + 45.5 = 183. கணிதத்தில் ஒன்று ஏறினால் கட்ஆஃப் ஒன்று ஏறும். இயற்பியலில் ஒன்று ஏறினால் அரைதான். தமிழிலோ ஆங்கிலத்திலோ ஐந்து ஏறினாலும் கட்ஆஃப் அசையாது. எம்பிபிஎஸ் மட்டுமே குறி என்றால் தரவரிசை நீட் மதிப்பெண்ணில்தான் நடக்கிறது. உயிரியலை 96-இலிருந்து 98 ஆக்கி எதுவும் நடக்காது. கால்நடை மருத்துவம், வேளாண்மை, துணை மருத்துவப் படிப்புகள் மனத்தில் இருந்தால் அதே உயிரியல் மதிப்பெண் நன்றாகவே பேசும். ஜேஇஇ எழுதி என்ஐடி பார்ப்பவர்கள் 75 சதவீத நிபந்தனைக்கு ஒட்டி நின்றால், அவர்களுக்கு மொழிப்பாடமும் முக்கியம்.

99 வாங்கியவர்கள் சென்டத்துக்காகக் கட்டுவது தனிக் கதை. மாநில, மாவட்ட ரேங்க் அறிவிப்பதை 2017-இலேயே அரசு நிறுத்திவிட்டது. ஆனாலும் சென்டம் மேல் இருக்கிற மோகம் போகவில்லை. கணிதத்தில் 99 என்றால் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் நெருக்கடியான பிரிவு கேட்கிறவருக்கு அந்த ஒன்று உதவும். கணினி அறிவியலில் 99 என்றால் அந்த ஒன்று பெரும்பாலும் பிளெக்ஸ் பேனருக்குத்தான்.

சேவையின் குறைகளையும் சொல்ல வேண்டும். முடிவு வரும்போது மாற்றம் உள்ளவர்களின் பதிவெண்கள் மட்டும் பட்டியலில் வரும். பட்டியலில் இல்லை என்றால் மாற்றம் இல்லை. ஏன் இல்லை என்ற விளக்கம் வராது. 780 ரூபாய் கட்டியவருக்கு இரண்டு வரி விளக்கமாவது தரலாம். கல்லூரிச் சேர்க்கையும் இதே வாரங்களில் ஓடுவதால் இதற்காகக் காத்திருந்து எதையும் தள்ளிப்போடக் கூடாது. பொறியியல் விண்ணப்பத்தைப் பழைய மதிப்பெண்ணோடு குறித்த தேதிக்குள் முடித்துவிடவும்.

இன்னொன்று, நகலைப் பதிவிறக்கியதும் பிள்ளை தனியாக உட்கார்ந்து முதலில் பார்க்கட்டும். குடும்பமே திரையைச் சூழ்ந்து 'இதுகூடத் தெரியலையா' என்று ஆரம்பித்தால், எந்த விடைக்கு மதிப்பெண் விட்டுப்போயிருக்கிறது என்பதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் வாயை மூடிக்கொள்வார். எழுதியவருக்குத்தான் தாள் தெரியும்.

விண்ணப்பித்தபோது கொடுத்த ஒப்புகைச் சீட்டைத் தொலைக்க வேண்டாம். அதிலுள்ள விண்ணப்ப எண் இருந்தால்தான் நகல் இறங்கும். இறக்கியதைக் கைபேசியில் பெரிதாக்கிப் பார்ப்பதைவிட அச்செடுத்துப் பார்ப்பது மேல். திருத்தியவரின் சிவப்பு மை தெரிய வேண்டும், கலர் பிரிண்ட் எடுக்கவும். மதிப்பெண் மாறினால், பொறியியல் சேவை மையத்தில் புதிய எண் ஏறியிருக்கிறதா என்று தரவரிசை வெளிவரும் முன்பே பார்க்கவும். தவறியிருந்தால், தரவரிசைக்குப் பிறகு குறை தெரிவிக்கத் தரும் சில நாள் அவகாசத்துக்குள் முறையிட வேண்டும்.